சங்கைத் தள்ளிய வாய்

காய்ச்சல்காரியின் பால் பிள்ளைக்கு ஆகாது என்று தேயிலைத் தோட்ட லயத்து வீடுகளின் பெண்கள் சொன்னதை நம்பி, சின்னத்தாய் மார்பில் வேப்பிலையை அரைத்துப் பூசிப் பாலை நிறுத்திவிட்டாள். காய்ச்சல் போனது, பால் திரும்பவில்லை. டின் பாலைப் பிள்ளை தொடவே மறுத்தது. சின்னக்கானல் மலைக் குளிரில் நாளுக்கு நாள் வற்றி, கைகால் குச்சியாகிவிட்டது.

அன்று வேலை விட்டு வந்த அவள் புருஷன் செல்லத்துரை, பிள்ளை பாலைத் துப்புவதைக் கண்டதும் வெறிகொண்டான்.

"பெத்த பிள்ளைக்குப் புகட்டத் துப்பில்ல, நீயெல்லாம் ஒரு தாயி!"

அவளைச் சுவரில் மோதித் தள்ளினான். பிள்ளையின் மூக்கைப் பிடித்து, பால் புகட்டும் சங்கை வாய்க்குள் திணித்தான். ஈறு கிழிந்து பாலோடு ரத்தம் வழிந்தது. மூச்சு முட்டி முகம் நீலமாயிற்று. சின்னத்தாய் விறகுக்கட்டையால் அவன் மண்டையில் ஓங்கிப் போட்டாள். அவன் சரிந்தான்.

சத்தம் கேட்டுப் பாய்ந்து வந்தவள் பக்கத்து வீட்டுக் குருவம்மாள், கைப்பிள்ளைக்காரி. குழாயடிச் சண்டையில் சின்னத்தாய் அவள் காதைத் தோட்டோடு பிய்த்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

குருவம்மாள் பிள்ளையைக் கவிழ்த்து முதுகில் தட்டினாள். பாலைக் கக்கி அது வீறிட்டது. சாமி அந்த வீட்டைக் கைவிடவில்லை. குருவம்மாள் அங்கேயே உட்கார்ந்து பிள்ளையை மாரோடு அணைத்தாள். பிள்ளை மடக்மடக்கென்று குடித்தது.

"ஒன் காதப் பிச்சேனே, அக்கா!" சின்னத்தாய் விம்மினாள்.

"காதுதானடி பிஞ்சுச்சு, மாரு இல்லல்ல. அந்த மனுசன் மண்டையில துணியக் கட்டிட்டு வா. நீயும் மாருல போடு. பிள்ள சப்பச் சப்பத்தான் பால் ஊறும்."

கண் விழித்து, பிள்ளை பால் குடிப்பதைப் பார்த்த செல்லத்துரை, கட்டுப்போட்ட தலையோடு வெளியே போய், பிள்ளைமேல் குளிர்காற்று படாமல் கதவை மெல்லச் சாத்தினான்.