மூணாம் பட்டன்

...மாப்பிள்ளையக் காட்டுற ரெண்டாம் பட்டனத்தான் அமுக்கினேன், இல்ல, மூணு, விரல் மூணுலதான் விழுந்திச்சு, கேமரா தலை சுத்தி ஆம்புளைங்க பக்கத்த விட்டுட்டு திரைக்கு மேலால எங்க பக்கம் பாத்திச்சு, எத்தன செக்கன், பத்து இருக்குமா, யா அல்லாஹ், அதுவும் லைவ்ல... நிக்காஹ்ல பொம்புளைங்க பக்கம் படம் எடுக்கக்கூடாது, அதனாலதான் கேமராவ நடுத்தூண்ல உசர மாட்டி, அத ஆட்டுற ஜோய்ஸ்டிக்க திரைக்கு இந்தப் பக்கம் என் மடியில வச்சாங்க, அம்றா, நீ இங்கருந்தே மாப்பிள்ளையக் காட்டு, பொம்புளைங்க டிவில பாக்கட்டும், கட்டார்ல இருக்கிறவங்க போன்ல பாக்கட்டும்னு வீடியோக்கார ஹுஸ்னி நானா சொல்லிட்டுப் போனார். காலையில இந்த பலாபத்வல கல்யாண ஹோல் காலியா கெடந்தப்ப, வெளிச்சம் பாக்க, அமுக்கினா கேமரா நேரா இந்தப் பக்கம் திரும்புற மாதிரி மூணாம் பட்டன்ல போட்டு வச்சேன். அழிக்கல. பொறகு அழிப்பமேன்னு விட்ட சோம்பேறி நான்தான், வேற யாரு?

மத்தவங்கன்னா ஏசுவாங்க, ஏசட்டும், வாங்கிக்குவேன். ஆனா றுஸைனா ராத்தா முதல் வரிசையில, முக்காடு எறங்கி, கல்யாணப் பொண்ணான தன் தங்கச்சிக்குத் தலையில பூ குத்திக்கிட்டு இருந்தாளே... புருஷன் றிஸ்கான் அடிச்சு முறிச்ச கையோட ஓடி வந்தவ. மூணு மாசமா அவ டுபாய்ல இருக்கான்னுதான் அவனுக்குச் சொல்லி வச்சிருக்கு. காலையில என் கையப் புடிச்சுக்கிட்டு, "நான் வந்தது அவருக்குத் தெரியக்கூடாது புள்ள, என்னக் காட்டிராத"ன்னா. குடும்ப வட்ஸ்அப் குரூப்ல இருந்து அவன எடுத்தா சந்தேகப்படுவான்னு யாரும் எடுக்கல, லைவ் லிங்க் அங்கயும்தான் போயிருக்கு... பாத்திருப்பானா? லைவ்ல கீழ பாக்குறவங்க எண்ணிக்கை நாப்பத்தி மூணுன்னு இருந்திச்சே, இப்ப நாப்பத்தி ரெண்டு. நிக்காஹ் சொல்லப் போற நேரத்துல யாரு எழும்பிப் போவாங்க? கட்டார்ல யாருக்காவது டேட்டா முடிஞ்சிருக்கும், அப்படித்தான், அப்படித்தான் இருக்கணும்... அவன் கண்டியிலருந்து மோட்டார் சைக்கிள்ல வந்தா ஒரு மணித்தியாலம், நிக்காஹ் முடிஞ்சு சாப்பாட்டுக்கு சஹன் சோறு வைக்க முந்தி வந்துருவான், இந்த ஹோலுக்கு ஒரே கேட்.

சொல்லணும். எழும்பி நாலு அடி வச்சா ராத்தா. ஆனா எழும்பல. என்னாலதான்னு எப்படிச் சொல்லுவேன், மௌலவி மாப்பிள்ளையோட கையப் புடிச்சிட்டார், என் கை மட்டும் தானா ஜோய்ஸ்டிக்கத் திருப்புது, கூட்டத்தத் தாண்டி, தொறந்த வாசலுக்கு வெளிய ஆம்புளைங்க செருப்புக் குவியலத் தாண்டி, கேட் வரைக்கும், இன்னும் கிட்ட, ரோட்டுல போற ஒவ்வொரு ஹெல்மெட்டும் தெரியிற அளவுக்கு. பின்னாலருந்து கைறுன்னிஸா மாமி சத்தம் போடுறா, மாப்பிள்ளையக் காட்டு புள்ள, கேட்ட யாருக்கு வேணும்னு. எல்லாரும் சிரிக்கிறாங்க. நான் கேமராவத் திருப்பல.

றுஸைனா ராத்தா சிரிக்கல. டிவில கேட்டப் பாத்தா, தூண்ல இருந்த கேமராவப் பாத்தா, பொறகு என்னப் பாத்தா. நான் சொல்ல வேண்டியத என் கை சொல்லிருச்சு. மிச்சப் பூவ தங்கச்சி மடியில வச்சிட்டு, முக்காட்ட இழுத்துப் போட்டுக்கிட்டு, பொம்புளைங்க பக்க வாசப்படியில குனிஞ்சு தன் செருப்பத் தேடினா.