பார்த்தபோது செய்துகொண்டிருந்த வேலை

சலோமி குஜூர் தலையில் செங்கல் அடுக்கோடு சாரத்தின் அடியில் நின்றிருந்தாள். பயிற்சி மையம் அனுப்பிய விவரப்படி அவள் ராணி மிஸ்திரி. பெண் கொத்தனாருக்கு ஜார்க்கண்டில் வைத்திருக்கும் பெயர் அது. கொத்தனாருக்குச் செங்கல் சுமந்து போடுகிறவள் ரேஜா. ராணி என்பது சர்க்கார் கொடுத்த பட்டம். ரேஜா என்பது ஊர் கொடுத்தது. எது நிலைக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

வேலையில்லாத பெண்களுக்குக் கட்டட வேலை கற்றுக்கொடுக்கும் மையங்களால் பயன் உண்டா என்று நேரில் பார்த்து எழுதுவது என் வேலை. என் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அந்தப் பட்டத்துக்குக் கிடைத்தது இது. பேருந்து, ஆட்டோ, நடை, மறுபடி பேருந்து. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் ஒரே காட்சிதான். சுவர் கட்டப் படித்த பெண் சும்மாட்டோடு நிற்பாள். கட்டட வேலையில் இருக்கிறீர்களா என்று கேட்டால் ஆமாம் என்பாள். பொய் இல்லை. நானும் ஆமாம் என்று குறித்துவிட்டு வருவேன். ராஞ்சி அலுவலகத்தில் என் மேலாளர் மிஸ்ரா அதையெல்லாம் கூட்டிப் பார்த்து, மையத்துக்கு வெற்றி என்பார்.

என் அம்மாவும் ரேஜாதான். ராஞ்சியில் பாதி மாடிகள் அவள் தலை வழியாகத்தான் மேலே போயின. இதைச் சொன்னதும் சிலர் முகத்தை உருக்கமாக வைத்துக்கொள்வார்கள். வேண்டாம். எந்தப் பயிற்சியும் இல்லாமலே அவளுக்கு இந்த வேலை கிடைத்தது என்று சொல்லத்தான் அம்மாவை இழுத்தேன்.

இந்த முறை கேள்விகளில் ஒன்று புதிது. பார்த்தபோது செய்துகொண்டிருந்த வேலை என்ன? எழுதி, ஒரு படமும் எடுத்து அனுப்ப வேண்டும். சுவர் கட்டுவதாகப் பதிவான பெண்களின் பெயர் மட்டும் அவரவர் ஊர் ஒன்றிய அலுவலகத்துக்கு, அதாவது பிளாக்குக்குப் போகும். பஞ்சாயத்தில் ஏழைகளுக்குக் கட்டும் வீடுகளில் அவர்களைக் கொத்தனாராகக் கூப்பிடுவார்கள்.

சலோமிக்கு இது எனக்கு முன்பே தெரிந்திருந்தது. செங்கல்லை இறக்கிவிட்டு, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தாள்.

"ரேஜான்னு எழுதிடாத தீதி. பிளாக்குல பேர் வந்துட்டா ஊர்லயே வேலை. எம் புள்ளைய மாமியார்கிட்ட விட்டுட்டு இங்க தகரக் கொட்டாயில கிடக்குறேன். போனவாட்டி போனப்ப என்னப் பாத்துட்டு அழுவுறான், யாரோன்னு."

தீதி, அக்கா என்று கூப்பிட்டவளிடம் பார்த்ததைத்தான் எழுத முடியும் என்றேன். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அப்படிச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் புளித்துப் போயிருந்தது.

சுவர் கட்டிக்கொண்டிருந்தவர் ராம்தனி மிஸ்திரி, பலாமூ பக்கத்து ஆள். சலோமிக்குச் சுவர் வேலை தெரியும், கொடுத்துப் பாருங்கள் என்று அவரிடம் போய்க் கேட்டேன். எங்கள் உராவ் பழங்குடி ஆட்களுக்குள் பெண் ஏரைத் தொடக்கூடாது, கூரை வேயக்கூடாது. அது எங்கள் வீட்டுக் கேடு. உராவே இல்லாத ராம்தனிக்கு அந்தச் சட்டமெல்லாம் கிடையாது. ஆனாலும் கரண்டியைப் பின்னால் மறைத்துக்கொண்டார், நான் பறித்துவிடுவேன் என்பதுபோல.

"கரண்டிய அவ கையில குடுத்துட்டா செங்கல்ல யாரு தூக்குறது மேடம்? நீங்க தூக்குறீங்களா?"

ரேஜாக்கள் சிரித்தார்கள். சலோமியும் சிரித்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"தூக்குறேன். சும்மாட்டக் குடுங்க."

பையைச் சிமெண்ட் மூட்டை மேல் எறிந்தேன். ஒருத்தி என் தலையில் துணியைச் சுருட்டி வைத்தாள், இன்னொருத்தி செங்கல்லை அடுக்கினாள். படிச்ச கழுத்து, பாத்து வைங்கடி, ஒடஞ்சிரும் என்றாள் மூன்றாமவள். படம் எடுக்கச் சொல்லி அவளிடமே போனைக் கொடுத்தேன். இரண்டாவது நடையிலேயே பார்வை இருட்டியது. அம்மா இதைச் செய்துகொண்டே அடுத்தவளோடு சண்டையும் போடுவாள். என்னால் மூச்சுகூட விட முடியவில்லை.

ராம்தனி முனகிக்கொண்டே கரண்டியை நீட்டினார். சலோமியின் கை முதலில் வரவில்லை. பயிற்சி முடிந்த பிறகு அவள் கரண்டியைத் தொட்டதே இல்லை. கலவையை அள்ளிப் போட்டாள், செங்கல்லை வைத்தாள், கைப்பிடியால் தட்டினாள். ராம்தனி குனிந்து பார்த்து ஒன்றைப் பிடுங்கி எறிந்தார்.

"கலவை தடிப்பு. ரொட்டிக்கு நெய் தடவுறியா?"

சலோமி சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். பிறகு நிற்கவேயில்லை. வரி முடிந்ததும் ராம்தனி மட்டம் பார்க்கக் கட்டியிருந்த நூலைக் கழற்றி, அடுத்த வரிக்கு உயர்த்திக் கட்டினார். எந்தக் கொத்தனாருக்கும் செய்வதுபோல, யோசிக்காமல்.

மேலே ஏறக் கால் வராமல் நான் உட்கார்ந்துவிட்டேன். செங்கல் தீர்ந்ததும் கரண்டி ராம்தனி கைக்குத் திரும்பியது. சும்மாடு சலோமி தலைக்குப் போனது. நான் போனை வாங்கி, 'சுவர் கட்டுதல்' என்று எழுதி, படத்தோடு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் மிஸ்ரா கூப்பிட்டார்.

"பக்கத்துல செங்கல்லோட ஒரு பொண்ணு நிக்குதே, அதுவும் நம்ம மையமா? அப்படின்னா அதையும் சேத்துடும்மா, கணக்குல ஒண்ணு கூடும்."

"அது நான், சார்."

விசாரிக்கப் போனவள் வேலையில் கை வைத்தால் அந்தப் பதிவு செல்லாது என்றார். அடுத்த வாரம் சொல்லாமல் போய், பார்ப்பதை எழுதச் சொன்னார். அடுத்த வாரம் என்ன பார்ப்பேன் என்று எனக்குத் தெரியாதா? எனக்குக் கத்தத் தெம்பில்லை.

"சரி சார். அப்ப நான் இதுவரைக்கும் ஆமான்னு போட்ட அத்தனையும் செல்லாதுன்னு போட்டுடுங்க. எல்லார் தலையிலயும் செங்கல்லுதான் பாத்தேன். அதையும் எழுதி அனுப்பிடுறேன்."

"அவங்க கட்டட வேலையில இருக்காங்கல்ல?"

"இருக்காங்க. எங்கம்மாவும்தான் இருந்தாங்க. உங்க மையத்துல படிக்காமயே."

கோபப்படுவார் என்று நினைத்தேன். பெருமூச்சுதான் விட்டார். அவருக்கும் மேலே ஆள் உண்டு.

"படத்துல உன்ன மட்டும் வெட்டிட்டு அனுப்பும்மா. பேர ஏத்திடுறேன்."

வெட்டினேன். படத்தில் சலோமி மட்டும் சுவர் கட்டிக்கொண்டிருந்தாள், செங்கல்லெல்லாம் தானாக வந்து சேர்ந்ததுபோல. மற்ற பெண்களைப் பற்றி நான் எழுதப் போவதாக மிரட்டியதை அவரும் திரும்பக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு பெயருக்காக மீதி எல்லாப் பெயரையும் விற்றேனா என்று இப்போதும் தெரியவில்லை.

சாரத்தின் அருகே போய், உன் பேர் பிளாக்குக்குப் போகிறது, மிஸ்திரி என்றுதான் போயிருக்கிறது என்றேன். சலோமிக்குக் கேட்டது. தலையில் செங்கல் இருந்ததால் தலையாட்ட முடியவில்லை. கண்ணை மட்டும் ஒருமுறை மூடித் திறந்துவிட்டு மேலே ஏறினாள்.