பச்சை பாட்டில்

காரில் கட்டி இழுத்துப் போகும் வீடான கேரவனின் பக்கவாட்டில், சக்கரத்துக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. ட்ரெவர் அதைத் திறந்து கழிப்பறையின் கழிவுப்பெட்டியை வெளியே இழுத்தார். இழுத்ததுமே கண்ணில் நீர் முட்டியது. நாற்றம் அவருக்குப் புதிதில்லை. முப்பத்தாறு வருஷம் லீட்ஸ் நகரத்துத் தெருக்களைத் தோண்டியவர். உடைந்த சாக்கடைக் குழாய் ஓரம் இடுப்பளவு பள்ளத்தில் நின்றுகொண்டே சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தவர். இது பெட்டிக்குள் ஊற்றும் மருந்தின் காட்டம். வெங்காயம் நறுக்கியவர் போலப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் மனைவி மார்லீன் இருமினாள். மூன்று நாளாக இதே இருமல்.

"ட்ரெவ், கேக்குதா? சனிக்கிழம கெளம்பிடலாம். மாப்பிள்ளைகிட்ட கார எடுத்துக்கிட்டு வரச் சொல்லிட்டேன். இந்த வண்டிய இழுத்துட்டுப் போயி வித்துடுங்கன்னும் சொல்லிட்டேன்."

"டீ ஆறிப்போவுது. குடி மொதல்ல."

"நான் டீயப் பத்தியா பேசறேன்?"

அன்று வியாழன். ட்ரெவர் பெட்டியின் மூடியை இறுக்கினார். போன குளிர்காலத்தில் மார்லீனின் குடலில் ஒன்றரை அடியை வெட்டி எடுத்திருந்தார்கள். உயிர் தங்கியது. ஆனால் வயிறு அவள் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, பன்னிரண்டு தடவை. கூப்பிட்டால் அந்த நிமிஷமே எழுந்து ஓட வேண்டும். ஒரு நாள் சந்தையில் ரொட்டிக்கடை வரிசையில் நிற்கும்போது கூப்பிட்டுவிட்டது. வீட்டுக்கு வந்து மேல்கோட்டைக் கழற்றி மாட்டியவள் அதற்கப்புறம் அதை எடுக்கவே இல்லை. மூன்றாம் மாடி, நான்கு சுவர், தொலைக்காட்சி. அப்போதுதான் ட்ரெவர் இந்தப் பழைய கேரவனைப் பிடித்தார். படுக்கையிலிருந்து கழிப்பறைக்கு நான்கு எட்டு. வாசலில் நாற்காலியைப் போட்டால் அங்கிருந்து ஒன்பது எட்டு. அவர் அளந்துதான் வைத்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்தால் எதிரே வட கடல். மே மாதம் இந்தப் பண்ணை மேட்டுக்கு வந்ததிலிருந்து அவள் வேலிக் கதவு வரை இரண்டு முறையும், சரிவு ஓரத்து பெஞ்சு வரை ஒரு முறையும் நடந்திருந்தாள். இப்போது இந்த இருமல். இருமினால் வயிறும் சேர்ந்து இளகுகிறது. இருமலுக்குப் பயந்து கழிப்பறைக்குள் போகாமல் அடக்கினால் வலி. திரும்ப அந்த மூன்றாம் மாடிக்குப் போனால் அவள் இறங்க மாட்டாள். இது அவருக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

பண்ணையில் ஐந்து கேரவன்களுக்குத்தான் இடம். காலைத் தேநீருக்கு முன்னால் ஐந்து வண்டியின் ஆண்களும் அவரவர் பெட்டியை உருட்டிக்கொண்டு கொட்டுமிடத்துக்கு வருவார்கள். அங்கே யாரும் எழுதி வைக்காத முறை ஒன்று உண்டு. அடுத்தவர் கொட்டும்போது பார்வை கடல் பக்கம் இருக்க வேண்டும். பேச்சு மழையைப் பற்றி மட்டும். எத்தனை நாள் கழித்துப் பார்த்தாலும் கை குலுக்கக் கூடாது.

"என்ன ட்ரெவ், கண்ணு கலங்கியிருக்கு? அதப் பிரிய மனசு வரலையா?" என்று டெஸ்மண்ட் பெட்டியைக் காட்டிக் கேட்டார். ஹல் நகரத்தில் பஸ் ஓட்டி ஓய்ந்தவர். வாய் மட்டும் ஓயவில்லை.

ட்ரெவர் பதில் சொல்வதற்குள் பண்ணைக்காரி ஜேனட் ரப்பர் பூட்சோடு சேற்றை மிதித்துக்கொண்டு வந்தாள்.

"யாரும் ஊத்தாதீங்க. மூடிய மூடுங்க. டேங்க் செத்துப்போச்சு."

"டேங்க் எப்படிங்க சாகும்?" என்றார் டெஸ்மண்ட்.

"உள்ள கெடக்கற கிருமிங்கதான் இத்தன வருஷமா உங்க எல்லாரோடதையும் தின்னு தீத்துச்சு. யாரோ அதுங்களுக்கு விஷம் வெச்சுட்டாங்க. நேத்துலேர்ந்து என் பீன்ஸ் பாத்தி வரைக்கும் பொங்கி வழியுது. நீல மருந்து இங்க கூடாதுன்னு கேட்லயே எழுதிப் போட்டிருக்கேன்." அவள் பார்வை டெஸ்மண்ட் மேலேயே நின்றது.

"போன வருஷம் ஒரே ஒரு தடவ, ஜேனட்! என் கல்லறையிலயும் அதத்தான் எழுதப்போறீங்களா? இப்ப என் பொண்டாட்டி துணி தொவைக்கற சோப்புத் தண்ணிதான் ஊத்தறா. எங்க கக்கூஸ் லாவெண்டர் தோட்டமா மணக்குது. வேணும்னா வந்து மோந்து பாருங்க."

"அந்த பாக்கியம் எனக்கு வேணாம். மத்தியானத்துக்குள்ள யாருன்னு தெரியணும். தெரியலேன்னா, டெஸ்மண்ட், நீங்க மூட்டையக் கட்டுங்க."

"நான் பச்சைதான் போடறேன்," என்றார் ட்ரெவர்.

"உங்கள யாரு கேட்டா?" என்று சொல்லிவிட்டு ஜேனட் போய்விட்டாள்.

பொய் சொல்லவில்லை. பச்சைதான் போட்டார். பெட்டியைத் திரும்ப உருட்டிக்கொண்டு வரும்போது அந்தச் சொல் மட்டும் வாயில் கசந்துகொண்டே வந்தது. தெருவைத் தோண்டுவதற்கு முன்னால் ஒருவர் வந்து கீழே என்ன ஓடுகிறது என்று வண்ணம் தெளித்துவிட்டுப் போவார். நீலம் தண்ணீர். மஞ்சள் எரிவாயு. சிவப்பு மின்சாரம், கிட்டே போகாதே. பச்சை தொலைபேசிக் கம்பி. தவறி வெட்டினால் மேஸ்திரி கத்துவார், உயிர் போகாது. எழுத்துத் தெரியாத ட்ரெவருக்கு முப்பத்தாறு வருஷம் அந்த வண்ணங்கள்தான் எழுத்து. ஐம்பத்தெட்டு வயதில்தான், மார்லீன் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பி, நூலகத்து மாலை வகுப்பில் குட்டி நாற்காலியில் முட்டியை மடக்கி உட்கார்ந்து படிக்கக் கற்றார். தனியாக உட்கார்ந்தால் படிப்பு வரும். பின்னால் ஒருவர் நின்றால் எழுத்தெல்லாம் எறும்பாகி ஓடிவிடும். மருந்து வாங்குவது எப்போதும் மார்லீன்தான். அவள் வாங்கி வைத்திருந்ததும் டேங்கைக் கெடுக்காத பச்சை பாட்டில்தான். ஞாயிற்றுக்கிழமை அது தீர்ந்துபோய், ஊர்க் கடைக்கு அவரே போனார். பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். பச்சையாக இருந்ததை எடுத்தார், நீட்டினார், வந்துவிட்டார். மார்லீனுக்கு வாடையே வரக் கூடாது என்று ஒரு மூடிக்கு இரண்டு மூடியாக வேறு ஊற்றினார்.

கேரவனின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இழுவைக் கம்பியில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த பாட்டிலைத் திருப்பினார். முன்பக்கம் ஒரு மலை, ஒரு இலை, பெரிய எழுத்தில் புத்துணர்ச்சி. பின்பக்கம் பொடிப் பொடியாக எழுத்து. விரலை வைத்துக்கொண்டு மேலேயிருந்து வந்தார். நடுவில் ஒரு நீளமான சொல் குறுக்கே படுத்துக் கிடந்தது. உறைந்த மண்ணை வெட்டுவது போல அதைத் துண்டு துண்டாக வெட்டினார். ஃபார். மால். டி. ஹைடு. வகுப்பில் வந்த சொல் இல்லை. ஆனால் ஜேனட்டின் வேலிப் பலகையில் பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் இதே நீளத்தில் ஒன்று இருந்தது ஞாபகம் வந்தது. எழுந்து போய்ப் பலகையோடு பாட்டிலை ஒட்டிவைத்து எழுத்து எழுத்தாகப் பார்த்தார். அதேதான். திரும்பி வந்து மிச்சத்தையும் படித்தார். செப்டிக் டேங்கில் கொட்டக் கூடாது. ஆவியை முகரக் கூடாது. மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் தள்ளி இருக்க வேண்டும்.

காது மடல் சுட்டது. பாட்டிலைக் கழுவிக் குப்பைத் தொட்டியின் அடியில் போட்டுவிட்டால் முடிந்தது. டெஸ்மண்ட் போவார், பஸ்ஸில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஜோக் அடித்த ஆள், எங்கேயும் பிழைத்துக்கொள்வார். உண்மையைச் சொன்னால் ஜேனட் இவர்களைத்தான் கிளம்பச் சொல்வாள். மார்லீன் கேட்ட சனிக்கிழமையை இவரே தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி ஆகும். உள்ளே இருமல் கேட்டது. ட்ரெவர் எழுந்தார்.

ஜேனட் டேங்க் மூடியருகே மண்வெட்டியோடு நின்றாள். டெஸ்மண்ட் அவளோடு இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"நான்தான்," என்று ட்ரெவர் பாட்டிலை நீட்டினார்.

"இது பச்சையால்ல இருக்கு?"

"நானும் அதத்தாங்க பாத்தேன். பின்னாடி படிங்க."

ஜேனட் படித்தாள். "வாங்கும்போது படிக்கலையா?"

"இன்னைக்குத்தான் படிச்சேன்."

"யோவ்," என்றார் டெஸ்மண்ட், "காலையில என்னத் தூக்குல போட்டாங்களே, அப்ப வாயில என்ன வெச்சிருந்த?"

"அப்ப தெரியாது, டெஸ். பச்சைன்னா சரின்னு நெனச்சுட்டேன்."

ஜேனட் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டாள். "உறிஞ்சற லாரி அடுத்த வாரம்தான் வரும். அது வரைக்கும் இங்க ஒரு சொட்டு ஊத்தக் கூடாது. ஊர்ப் பொதுக் கழிப்பறைகிட்ட பெரிய சாக்கடையோட சேந்த எடம் இருக்கு. ரெண்டு மைல்."

"நான் கொண்டுபோறேன். எல்லாரோடதையும்."

"அஞ்சு வண்டியோடதா?"

"அஞ்சும். தெனமும்."

"நீங்க இருந்தாத்தானே," என்றாள் ஜேனட்.

"இருப்பேங்க. கன்னுக்குத் தீவனம் தள்ளற கைவண்டிய மட்டும் குடுங்க. ரோடு போட்டவனுக்கு ரோட்ல தள்ளத் தெரியாதா?"

"என்னோடது கனமா இருக்கும்," என்றார் டெஸ்மண்ட். "அப்புறம் சொல்லலேன்னு சொல்லாத."

ஜேனட் இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கைவண்டி கொட்டகையில் இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

மத்தியானம் முதல் நடையை முடித்து, பெட்டிகளை ஊர்க் குழாயில் மூன்று தண்ணீர் அலசி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு ட்ரெவர் அதே கடைக்குள் போனார். மூக்குத்தி போட்ட பெண் ஒருத்தி கல்லாவில் இருந்தாள். உதவி வேண்டுமா என்றாள்.

"வேணாம்மா. எல்லாத்தையும் படிக்கப்போறேன். நான் மெதுவாத்தான் படிப்பேன்," என்றார். சொன்ன பிறகு, ஒன்றும் இடிந்து விழவில்லை என்று தெரிந்தது.

மொத்தம் பதினொரு பாட்டில். ரோஜா நிறத்தில் இருந்தது கழுவும் தண்ணீர் நிற்கும் மேல் தொட்டிக்கு மட்டும். ஒன்று வெளுப்பு மருந்து. பெட்டியின் ரப்பர் வளையத்தைத் தின்றுவிடும். இன்னொன்றில் அந்த நீளச் சொல் இல்லை, ஆனால் பைன் மரக் காட்டையே பிழிந்து அடைத்திருந்தார்கள். மூடியைத் திறந்த உடனே அவருக்கே தும்மல் வந்தது. பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். எறும்புகள் ஓடப் பார்த்தன. விரலை அழுத்தி வைத்துக்கொண்டார்.

"வாசனையே இல்லாதது இல்லையா? எம் பொண்டாட்டி மூச்சுக்கு ஒத்துக்கல."

"வாசனை இல்லேன்னா யாருங்க வாங்கறாங்க? கீழ்த் தட்டுல, பின்னாடி பாருங்க."

மண்டியிட்டுக் கையை விட்டு எடுத்தார். தூசி படிந்த பாட்டில். துடைத்தார். நீல நிறம்.

கை தானாகப் பின்வாங்கியது. அப்படியே மண்டியிட்டபடி மேலேயிருந்து கீழே வரை படித்தார். நீளச் சொல் இல்லை. வாசனைப் பொருள் இல்லை. டேங்கில் இருக்கும் கிருமிகளைக் கொல்லாது. மறுபடி படித்தார். மூன்றாம் தடவை சத்தமாகப் படித்தார். அந்தப் பெண் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தாள். பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி எழுந்தார்.

மார்லீன் படுக்கையில் சாய்ந்திருந்தாள். "நீலமா? அந்தப் பொம்பள கண்ணுல பட்டா தோல உரிச்சுடுவா. உனக்கென்ன கிறுக்கா?"

"அவகிட்ட காட்டிட்டுத்தான் வரேன். ரெண்டு தடவ படிச்சா. உனக்கும் படிக்கறேன், கேளு."

கழிப்பறை வாசலில் தரையில் உட்கார்ந்து படித்தார். சேர்மானங்களைப் படித்தார். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்பதைப் படித்தார். ஒரு சொல்லில் மாட்டி நின்றபோது மார்லீன் எடுத்துக் கொடுக்கவில்லை, காத்திருந்தாள்.

"கம்பெனி விலாசம் வரைக்குமா படிப்ப?"

"எல்லாத்தையும் படிப்பேன்."

பெட்டியில் இரண்டு லிட்டர் தண்ணீர் விட்டார். ஒரு மூடி மருந்து அளந்து ஊற்றினார். ஒரு மூடிதான். பெட்டியைத் தொட்டில் ஆட்டுவது போல ஆட்டி உள்ளே தள்ளினார். மார்லீன் எழுந்து கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ட்ரெவர் வெளியே வந்து, நன்றாகவே இருந்த வாசல் பந்தல் கயிறு ஒன்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் காற்றுச் சத்தம்தான், இருமல் இல்லை.

"மாப்பிள்ள நாளன்னைக்குப் பத்து மணிக்கெல்லாம் வந்துடுவாரு," என்றாள், வெளியே வந்து.

"சரி," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை கைவண்டியில் ஐந்து பெட்டிகளையும் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு கிளம்பினார். டெஸ்மண்டின் பெட்டி சொன்ன மாதிரியே கனமாகத்தான் இருந்தது. கடலிலிருந்து மூடுபனி ஏறி ரோட்டை நனைத்திருந்தது. போக ஒரு மணி, கொட்டி அலச ஒரு மணி, வர ஒரு மணி. மேடு ஏறும்போது இடுப்பு பழைய கணக்கையெல்லாம் கேட்டது. நாளைக் காலை இன்னும் சீக்கிரமாகக் கிளம்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். மாப்பிள்ளை கார் வருவதற்கு முன்னால் ஒரு நடையை முடித்துவிட வேண்டும்.

வேலிக் கதவைத் தாண்டியதும் வண்டியைக் கீழே விட்டார். கேரவனுக்கும் சரிவு ஓரத்து பெஞ்சுக்கும் நடுவில் கயிறு ஒன்று கட்டியிருந்தது. அதில் மார்லீனின் கனத்த கம்பளி மேல்சட்டை, அவள் நாற்காலியில் உட்காரும்போது போட்டுக்கொள்வது, துவைத்துத் தொங்கவிடப்பட்டிருந்தது. கைகள் இரண்டும் நீண்டு தரையைத் தொடும் போலத் தொங்கின. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இந்த மூடுபனியில், இந்தக் கடல் காற்றில், அது காய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆகிவிடும். அவளுக்கும் அது தெரியும்.