முப்பத்தோராம் அத்தியாயத்துக்கு என் கருத்து

ஸ்பிரிங்வெளி பஸ் பதுளை டவுனைத் தாண்டி மேட்டில் ஏறத் தொடங்கியதும், அனுப்பிய வாய்ஸைக் கேட்டுப் பார்க்கலாமென்று போனைத் திறந்தேன். அது என் பழக்கம். ஷிஹானாவுக்கு நாவலைப் பற்றிப் பேசி அனுப்பிவிட்டு, சரியாகத்தான் திட்டியிருக்கிறேனா என்று ஒருதரம் கேட்டுக்கொள்வேன். ஷிஹானாவின் பெயரைத் தொட்டால் அங்கே ஒன்றுமில்லை. அதற்கு மேலே 'பரிசம் – ரெண்டு வீடும்' என்ற குரூப்பில் என் குரல் நீளமாகக் கிடந்தது. பக்கத்தில் இரண்டு டிக்.

ஷிஹானாவும் நானும் டவுனில் ஒரு புடவைக் கடையில் சேலைப் பகுதியில் நிற்கிறோம். ஆள் இல்லாத நேரத்தில் இணையத்தில் வாரம் ஒரு அத்தியாயமாக வரும் காதல் நாவல்களை வாசிப்போம். அவள் எல்லாவற்றையும் மன்னித்துவிடுவாள். என்னால் முடியாது. இப்போது வருகிற நாவல்களில் எல்லா ஹீரோவும் ஆறடிக்கு மேல். ஒருவனும் பஸ்ஸில் தொங்கியதில்லை, முதலாளியிடம் லீவு கேட்டுப் பல்லிளித்ததில்லை. ஹீரோயின் சமதரையில் தடுக்கி விழுவாள், அவன் தாங்குவான். பத்து அத்தியாயம் அவளை நாய் மாதிரி விரட்டுவான், பதினோராவதில் சின்ன வயதில் அவன் மனம் உடைந்த கதை வரும், உடனே அவள் உருகிவிடுவாள். "நீ வாசிக்கிறதே சண்ட பிடிக்கத்தான்" என்பாள் ஷிஹானா. அது உண்மைதான். ஆனால் வாரம் தவறாமல் வாசிக்கிறேனே, அதையும் சொல்ல வேண்டும். நல்லதாக ஒன்று வராதா என்ற ஆசை விடமாட்டேன் என்கிறது.

இந்த வார அத்தியாயத்தில் அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, "இனி நீ வேலைக்குப் போகத் தேவையில்லை, நான் இருக்கிறேன்" என்கிறான். அவள் கண் கலங்கி அவன் நெஞ்சில் சாய்கிறாள். கீழே நூற்றுக்கணக்கில் இதயப் படங்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ் நிலையத்திலிருந்து புறப்பட்டதுமே வாயருகே போனை வைத்துக்கொண்டு பேசினேன். "இவ எதுக்குடி அழுவுறா? கஷ்டப்பட்டுத் தேடின வேலைய ஒருத்தன் வந்து வேணாங்கிறான், இவ சந்தோசத்துல அழுவுறாளாம். கேக்க ஒரு வார்த்த இல்ல. நானா இருந்தா கைய ஒதறிட்டு, கல்யாணமும் வேணாம் ஒன்னும் வேணாம்னு போயிருவேன்." இப்படியே நிறைய. கடைசியில் ஒரு சிரிப்பு வேறு.

அந்தக் குரூப்பில் இருப்பவர்கள் லுணுகலைக்காரர்கள். வருகிற ஞாயிறு எனக்குப் பரிசம் போட வருகிறவர்கள். மாப்பிள்ளை ஜனுஷனுக்கு அங்கே சின்னதாக ஒரு இரும்புக் கடை. போன ஞாயிறு பேசி முடிக்க வந்தபோது அவருடைய அம்மா சந்திரகாந்தி மாமி என் தோளைத் தொட்டு, "கல்யாணத்துக்குப் பொறகு நீ ஏம்மா இன்னொருத்தங்க கடையில கால்கடுக்க நிக்கணும். எங்க தம்பி பாத்துக்குவான்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். என் அம்மாவுக்கு முகமெல்லாம் பூரித்துப்போனது. மழையிலும் அட்டைக்கடியிலும் தேயிலைக் கொழுந்து எடுத்தே காலம் போனவள், மகள் வீட்டில் இருக்கப்போகிறாள் என்றால் பூரிக்காமல் என்ன செய்வாள்? ஜனுஷன் தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன். பிஸ்கட் தட்டை நீட்டினேன்.

பஸ்ஸில் ஏறும்போது மாமிதான் குரூப்பில் பரிசச் சேலைகளின் படங்களைப் போட்டு, "கடைப்பிள்ள நீயே சொல்லும்மா, எது நல்லாருக்கு" என்று கேட்டிருந்தார். பச்சையைச் சொன்னேன். சொன்ன கையோடு வெளியே வராமல் அங்கேயே பேசித் தொலைத்திருக்கிறேன்.

அழிக்கலாமென்றால், மேட்டின் முதல் வளைவோடு சிக்னல் போய்விட்டது. இனி தோட்டத்தில் நாங்கள் இருக்கும் லய வீடுகளுக்கு மேலே தண்ணி டேங்க் அருகே ஏறினால்தான் கிடைக்கும். அழித்தாலும் 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஒரு வரி நிற்கும், அதைப் பார்த்துவிட்டு என்னவோ ஏதோ என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். கேட்டவர்கள் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள். கண்டக்டர் மிச்சக் காசைத் தந்ததுகூட எனக்குத் தெரியவில்லை, பக்கத்தில் இருந்த அக்காதான் வாங்கிக் கையில் வைத்தாள்.

லயத்துக்குப் போகாமல் நேரே மேட்டில் ஏறினேன். விறகோடு இறங்கி வந்த அம்மா வழியில் நின்றாள்.

"ஏன்டி மூஞ்சி இப்படி இருக்கு?"

சொன்னேன். அம்மா விறகுக் கட்டைக் கீழே போட்டாள். அவளுக்கு வாட்ஸ்அப் தெரியாது, ஆனால் சம்பந்திகள் காதில் ஒன்று விழுந்தால் என்னவாகுமென்று நன்றாகத் தெரியும்.

"கதைன்னு சொல்லிரு. கதையத்தான சொன்ன?"

நான் மேட்டைப் பார்த்தேன். அம்மா மெதுவாக, "கதையத்தான சொன்ன?" என்று மறுபடியும் கேட்டாள். அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. போன ஞாயிறிலிருந்து அவள் லயம் முழுக்க ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள், என் மக இனி வேலைக்குப் போகத் தேவையில்லையாம் என்று.

டேங்க் அருகே போனதும் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அவர்கள் பக்கத்துச் சித்தப்பா ஒருவர் வாய்ஸைக் கேட்காமலே கைகூப்பும் படம் போட்டிருந்தார். ஜனுஷனின் தங்கை லக்ஷனா, "அண்ணி, என்ன நாவல் இது? லிங்க் அனுப்புங்க" என்று எழுதியிருந்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மாமி கேட்டுவிட்டார், நீல டிக் இருந்தது. ஆனால் ஒன்றும் எழுதவில்லை. பச்சைச் சேலையைப் பற்றிக்கூட ஒன்றுமில்லை. நீக்கு என்பதன் மேல் விரலை வைத்தேன். அதற்குள் அழைப்பு வந்துவிட்டது. ஜனுஷன்.

"யசோதினி, வீட்டுக்குப் போயிட்டீங்களா?"

"இல்லங்க. மேல நிக்கிறேன்."

"அது... குரூப்புல ஒன்னு வந்துச்சு. அம்மா ஒரு மாதிரி ஆயிட்டாங்க. நான் சொன்னேன், அது ஏதோ கதையப் பத்தின்னு." அவர் பின்னால் டிவியில் ஏதோ விளம்பரம் ஓடியது. "கதையப் பத்தித்தானே?"

எவ்வளவு நல்ல மனுசன். வழியைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறார். ஆமாங்க என்று ஒரு சொல் போதும். ஞாயிறு பச்சைச் சேலை வரும், அம்மா நிம்மதியாகத் தூங்குவாள், நானும் பழகிக்கொள்வேன், எத்தனை பேர் பழகியிருக்கிறார்கள். அம்மா விறகை அங்கேயே விட்டுவிட்டு என் பின்னாலேயே ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"கதையப் பத்தித்தாங்க" என்றேன். அம்மா கண்ணை மூடித் திறந்தாள். "ஆனா, கல்யாணத்துக்குப் பொறகும் நான் வேலைக்குப் போவேங்க. பதுளைக்கு வர முடியாட்டி லுணுகலையில ஒரு கடையில. அன்னைக்கே சொல்லிருக்கணும், பயத்துல சொல்லல. இப்பவும் பயமாத்தான் இருக்கு."

கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கட்டாகவில்லை. திரையில் வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. அம்மா என் கையைப் பிடித்தாள், இழுக்கிறாளா தாங்குகிறாளா என்று தெரியவில்லை. திரும்பவும் காதில் வைத்தேன்.

அந்தப் பக்கம் யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.