மதியம் கேமராவை அணைப்பது யார்

அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன். என்னைப் பார்த்துக்கொள்ளத் தம்பி ஒரு கேமரா வைத்தான். யார் கேட்டாலும் நான் இப்படித்தான் ஆரம்பிப்பேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்து ரொம்ப நாளாகிறது.

தம்பி இருப்பது வேறு ஊரில், காரில் வந்தால் பாதி நாள் போய்விடும். போன வருடம் அம்மாவுக்கு மூளையில் ரத்தம் கட்டி ஒரு பக்கம் தளர்ந்து, ஞாபகமும் கலைந்துபோனது. கூரியர் ஆபீஸில் பில் போட்டுக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு நான் அம்மாவோடு உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் குடும்பம் குட்டி என்று ஒன்றும் கிடையாது. அதனால் உன்னால் முடியுமா என்று யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அக்கா இருக்கா, எனக்கென்ன கவலை" என்று தம்பி எல்லோரிடமும் சொன்னான். சொன்னவன் அதோடு நிற்காமல் கேமராவையும் அனுப்பி வைத்தான்.

கேமரா அம்மாவின் அறை மூலையில், கூரையை ஒட்டி. அது பார்ப்பதையெல்லாம் சேர்த்து வைக்கும் பெட்டி ஹாலில், டிவிக்குக் கீழே. மாட்ட வந்த கேமராக்காரர் நல்ல மனுஷன், ஆனால் வாயைத் திறந்தால் பாதி புரியாது. முதலில் நாள் முழுக்கப் பதிவாகிற மாதிரி வைத்தார். ஒரு வாரத்துக்குள் ஹார்ட் டிஸ்க் நிரம்பி, பழைய பதிவை அழித்து அதன் மேலேயே புதியது ஏறத் தொடங்கியது. ஓவர்ரைட் என்றார். தம்பிக்குப் பொறுக்கவில்லை. ஒரு மாதத்துப் பதிவு கையில் இருக்க வேண்டும் என்றான், பெரிய டிஸ்க் வாங்கவும் மனசு வரவில்லை. கேமராக்காரர் வந்து எதையோ மாற்றினார். அப்புறம் மின்விசிறி, திரைச்சீலை என்று ஏதோ பேச்சு வந்து, மறுபடியும் மாற்றினார். அடுப்பில் பால் வைத்திருந்தேன், நான் எதையும் காதில் வாங்கவில்லை.

பகலில் எங்கள் வீட்டு நெட் இழுத்துக்கொண்டே நிற்கும். ஆபீஸிலிருந்து நேரடியாகப் பார்க்கத் தம்பி எவ்வளவோ முயன்றான், ஒரு வட்டம் சுற்றுமே தவிர படம் வராது. அதனால் வேலை முடிந்து வீட்டுக்குப் போய், டீயைக் குடித்துக்கொண்டு அன்றைய பதிவை ஓட்டிப் பார்ப்பான். எங்கள் நாளை அவன் அப்படித்தான் தெரிந்துகொண்டான்.

அம்மா ராத்திரி தூங்குவதில்லை. மதியம் சாப்பிட்டபின்தான் கண்ணை மூடுவாள், அதுவும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டால்தான். நான் இம்மி நகர்ந்தாலும் விழித்துவிடுவாள். ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் ஆயுசு முழுக்க வேலை பார்த்தவள் அவள். விழித்ததும் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பாள். கால் நிற்காது. ஒரு தடவை விழுந்து முழங்கையெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. அன்றிலிருந்து மதியங்களில் நான் பிடித்து வைத்த பிள்ளையார்தான். மூக்கு அரிக்கும், சொறிய மாட்டேன். கால் மரத்துப்போகும், பிறகு அதுவும் தெரியாமல் போகும். ஈ ஒன்று வந்து நெற்றியில் உட்கார்ந்து சாவகாசமாக உலாவிவிட்டுப் போகும். அதை விரட்டக்கூட எனக்குக் கொடுப்பினை இல்லை. சுவரிலிருந்த வெயில் இறங்கி அறை மங்கும்போதுதான் அம்மா என் கையை விடுவாள்.

ஒருநாள் தம்பி போன் செய்தான்.

"அக்கா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

இப்படி ஆரம்பித்தால் கோபம் வரும்படியாகத்தான் கேட்கப் போகிறான்.

"கேளு."

"மதியத்துல கேமராவ ஏன் ஆஃப் பண்ற?"

"என்னது?"

"நீ கட்டில் பக்கத்துல வந்து உக்கார்ற, அதோட சரி. அப்புறம் பதிவே இல்ல. அடுத்த படம் சாயங்காலம்தான். தினமும் இதே கதை. நடுவுல எங்க போற?"

"எங்கயும் போகலடா. அங்கதான் இருக்கேன்."

"இருந்தா தெரியணுமே."

"சினிமாவுக்குப் போறேன், வேற எங்க போவேன்?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். கஷ்டம் எனக்குப் பழகிவிட்டது. இந்தச் சந்தேகத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையிலேயே கேமராக்காரரை வரவழைத்தேன். அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, டிவியில் என் நாளை முன்னும் பின்னும் ஓட்டினார்.

"ஆஃப் ஆகல மேடம். ஒரு தடவகூட ஆகல. இது மோஷன் ரெக்கார்டிங். எதாவது அசைஞ்சாத்தான் டிஸ்க்ல ஏறும். யாரும் அசையலன்னா பெட்டி பாட்டுக்கு சும்மா இருக்கும். மாசம் தாங்கணும்னு சார் சொன்னார், இந்தச் சின்ன டிஸ்க்குக்கு வேற வழியில்ல."

"ஃபேன் ஓடுதே? அது அசைவில்லையா?"

"ஃபேனுக்கும் ஸ்க்ரீன் ஆடறதுக்கும் ஏறிக்கிட்டே இருக்குன்னு சார் சொன்னார். அந்த இடத்தையெல்லாம் கண்டுக்காதன்னு மறைச்சு வெச்சேன். சென்சிட்டிவிட்டியும் கொறச்சிட்டேன்."

"நான் மூச்சு விடறேனே?"

"அது பத்தாது மேடம்" என்றார் அவர், பாவம், ரொம்ப மரியாதையாக.

முதலில் சிரித்தேன், சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் முட்டியது. அவர் தலையைக் குனிந்து ஒயரைச் சுருட்டினார். தம்பியைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன். அவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார்.

"தப்பு உங்க மேல வரக்கூடாதுன்னு நீங்க இப்படித்தான் சொல்வீங்க" என்றான் தம்பி. "ஒரு மனுஷி மதியம் முழுக்க அசையாம உக்காந்திருப்பாளா? யார்கிட்ட காது குத்தறீங்க? சினிமாவுக்குப் போறேன்னு அவளே சொன்னா."

"அடப்பாவி, அது கோவத்துல சொன்னதுடா!"

அவன் வைத்துவிட்டான். கேமராக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். "நடுநடுவுல காலையாவது ஆட்டுங்க மேடம். ஏறிடும்."

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். நானும் நம்பினேன். அன்று மதியம் அம்மா என் கையைப் பிடித்துத் தூங்கிய பிறகு, கேமராவைப் பார்த்தபடி இடது காலை மெல்ல நீட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் தைரியம் வந்து இன்னொரு கையைத் தூக்கி, பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஆட்டுகிற மாதிரி ஆட்டினேன். பாரடா, இங்கேதான் இருக்கிறேன். நாற்காலி ஒரு கிரீச் போட்டது, அவ்வளவுதான். அம்மா அலறிக்கொண்டு எழுந்தாள்.

"மணியாச்சு! சலவை மூட்டையெல்லாம் கெடக்கு! விடுடி என்ன!"

கட்டிலின் விளிம்புக்கு வந்துவிட்டாள். இரண்டு கையாலும் பிடித்து உள்ளே இழுத்தேன். அவள் என் முகத்தில் அடித்தாள், நகத்தால் கீறினாள், அழுதாள். சாயங்காலம் வரை அடங்கவில்லை. அந்தப் பெட்டி ஒரு நொடி விடாமல் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டது. என்ன, அதற்குச் சத்தம் மட்டும் கேட்காது.

அன்று ராத்திரி போனில் தம்பியின் குரல் தாழ்ந்து வந்தது. கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

"பாத்தேன்க்கா. அம்மா எறங்கப் பாக்கறாங்க, நீ புடிச்சு இழுக்கற. அவங்க அழறாங்க. ஒன்னால முடியலக்கா. தப்பா சொல்லல. இங்க ஒரு முதியோர் இல்லம் இருக்கு, நர்ஸெல்லாம் உண்டு. சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்."

முடியவில்லை என்பது உண்மைதான். அம்மா போய்விட்டால் நானும் படுத்துத் தூங்கலாம். ஆனால் முன்பின் தெரியாத இடத்தில் மதியம் அவள் யார் கையைப் பிடிப்பாள்? அதைவிட, அம்மாவைத் தனியே விட்டு ஊர் சுற்றியவள் என்ற பெயர் எனக்கு ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் சேர்த்து நினைத்து, பாத்திரம் கழுவிக்கொண்டே அழுதேன்.

சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்துக்கு வந்தான். அம்மாவின் துணிகளை நான் ஒரு பையில் மடித்து வைத்திருந்தேன். பையைப் பார்த்ததும் அவன் முகம் சுருங்கியது.

"சாயங்காலம் கெளம்பலாம்" என்றான்.

"கெளம்பு. ஆனா இந்த மதியம் நீதான் தூங்க வெக்கணும். எனக்கு ஒடம்பு விட்டுப்போச்சு. கையக் குடு, தூங்கிடுவாங்க. எந்திரிக்கற வரைக்கும் ஆடாத."

"அதென்ன பெரிய வித்தையா?"

அவன் என் நாற்காலியில் உட்கார்ந்தான். அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூட்டை எடுக்க வந்த பையனா நீ?"

"நான் உன் பையன்மா."

"சரி சரி, உக்காரு" என்று அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். நான் ஹாலில் பாயை விரித்தேன். தலை சாய்ந்தது தெரியும், அதற்கப்புறம் எதுவும் தெரியாது.

போன் அடித்துத்தான் விழித்தேன். ஜன்னலில் வெளிச்சம் மங்கியிருந்தது. தம்பி மனைவி.

"அண்ணி, அவர் அங்க இருக்காரா? எத்தன தடவ போன் பண்றேன், எடுக்கவே மாட்டேங்கறார். நேரா பாக்கலாம்னா நெட்டு சுத்துது. இப்பதான் பதிவு மட்டும் கொஞ்சம் ஓடிச்சு, பாத்தா அத்தைகிட்ட வந்து உக்கார்றார், அதோட சரி. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. கேமராவ ஆஃப் பண்ணிட்டு எங்க போனார்?"

நான் எழுந்து போய்க் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். தம்பி அப்படியே உட்கார்ந்திருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சட்டைப் பையில் போன் துடித்துத் துடித்து ஓய்ந்திருக்கும், எடுக்க வழியில்லை. நெற்றியில் ஒரு ஈ நடந்துகொண்டிருந்தது. கண்ணை மட்டும் உருட்டி என்னைப் பார்த்தான். பேசாதே, பேசாதே என்று அவன் புருவம் கெஞ்சியது.

"இங்கதாம்மா இருக்கான்" என்று ஹாலுக்கு வந்து சொன்னேன்.

"இருந்தா தெரியணுமே அண்ணி!"

"நல்லாப் பாத்துக்கறான். அதான் தெரியல."

உள்ளே போய் அவனை விடுவித்திருக்கலாம். அம்மா விழித்தாலும் சமாளிப்பது எனக்குப் பழக்கம்தான். போகவில்லை. மறுபடியும் பாயில் படுத்துக்கொண்டேன், எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

விளக்குப் போடும் நேரத்தில் அம்மா கையை விட்டாள். தம்பி எழுந்தவன் கால் மரத்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றான். மணிக்கட்டில் ஐந்து விரலும் சிவந்து பதிந்திருந்தன. அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"தினமும் இப்படியாக்கா?"

"தினமும்."

வெகுநேரம் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மன்னிப்பெல்லாம் அவனுக்கு வராது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "பெரிய டிஸ்கா வாங்கிப் போடச் சொல்றேன்க்கா. நாள் பூரா ஓடட்டும். இனிமே நீ தெரிவ."

எங்கிருந்துதான் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததோ. "எனக்கு டிஸ்க் வேணாம்டா. ஆள் வேணும். வாரத்துல ஒரு மதியம் வந்து உக்காரு. நான் தூங்கணும், அவ்வளவுதான், நான் தூங்கணும்!"

அவன் வாசலுக்குப் போய் அந்த இல்லத்துக்குப் போன் செய்தான். இடம் வேண்டாம் என்று சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு தன் மனைவியிடம் ஏதோ விளக்கினான். மோஷன் ரெக்கார்டிங் என்ற வார்த்தையை அவன் வாயால் அன்றுதான் கேட்டேன். நான் பையைத் திறந்து, அம்மாவின் துணிகளைத் திரும்ப அலமாரியில் வைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை வந்தான். அதற்கடுத்த வாரம் ஆபீஸில் வேலை என்றான், போனிலேயே கிழித்துவிட்டேன். அதற்கப்புறம் வருகிறான். அம்மா இன்னும் அவனை மூட்டைப் பையன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். டிஸ்கை மாற்றவில்லை. சனிக்கிழமை மதியங்களில் எங்கள் வீட்டில் யாருமே இல்லை என்று அந்தப் பெட்டி சொல்கிறது. சொல்லட்டும், நான் ஹாலில் தூங்கிக்கொண்டிருக்கிறேன்.