மாடிப்படிக்கு லைசென்ஸ்

பொம்மிடியில் எங்கள் வீட்டு மாடிப்படியில் வெளியாட்கள் ஒருமுறை ஏறினால் மறுமுறை கீழேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவார்கள். அத்தனை செங்குத்து. அறுபத்திரண்டில் என் வீட்டுக்காரர் அருள்சாமி கூடவே நின்று கட்டிய படி. கொத்தனார் மாயவன் முதலில் ஒழுங்காகத்தான் கணக்குப் போட்டார். படிகளை லாபம், நட்டம், லாபம் என்று எண்ணிக்கொண்டு போனால் கடைசிப் படி நட்டத்தில் வந்து நின்றது. இன்னொரு படி சேர்க்க இடமில்லை, மாட்டுக்கொட்டகை இடித்தது.

"ஒண்ணக் கொறச்சிடலாமுங்க. மத்ததெல்லாம் கொஞ்சம் ஒசரமா வெச்சிக்கலாம்" என்றார் மாயவன்.

"நாம மாதா கோயிலுக்குப் போற வேதக்காரங்க. நமக்கென்னங்க லாபமும் நட்டமும்?" என்று கேட்டேன்.

"வேதக்காரன்னா நட்டப்படணும்னு எந்தச் சாமியாரு சொன்னாரு?" என்றார் இவர்.

ஆறடி மனுஷனுக்கு என்ன கவலை? குட்டைக்காலை வைத்துக்கொண்டு அவதிப்பட்டது நான்தான்.

கன்னியாஸ்திரிகளிடம் தையல் படித்தவள் நான். மாடி அறையில் ஒரு தையல் வகுப்பு நடத்த வேண்டும் என்பது கல்யாணமான நாளிலிருந்து என் ஆசை. நல்ல வெளிச்சம், நல்ல காற்று. ஜன்னலைத் திறந்தால் சேலம் போகும் ரயில் தெரியும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபிறகு, எழுபத்திநாலில்தான் அதற்கு வேளை வந்தது. பத்துப் பெண்கள் சேரத் தயாராக இருந்தார்கள். லைசென்ஸ் கேட்டு எழுதிப்போட்டேன். பார்வையிட ஓவர்சியர் சென்னப்பன் வந்தார்.

டேப்பை விரித்து ஒரு படியை அளந்தார். அடுத்ததை அளக்கவே இல்லை.

"குடியிருக்கிற வூடுன்னா உங்க இஷ்டம்மா. பொண்ணுங்க கும்பலா ஏறி எறங்கற எடம்னா ரூல்ஸ் இருக்குது. ஒசரம் கொறையணும், அகலம் கூடணும், கைப்பிடி வேணும். இப்படியே இருந்தா லைசென்ஸ் கெடைக்காது."

"பழைய வூடுங்க சார்."

"வூடு பழசுதாம்மா, வகுப்பு புதுசாச்சே."

அவர் போனதும் இவருக்கு வந்ததே கோபம்! தன்னையே அளந்து பார்த்துக் குறை சொன்ன மாதிரி குதித்தார். படியை இடிக்க விடமாட்டேன், வகுப்பும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்றார்.

"இத்தன வருசமா ஏறுறியே, ஒருநாளாவது வுழுந்தியா?"

"நீங்க பின்னாலயே வந்தீங்க, அதான் வுழல. அந்தப் பொண்ணுங்களுக்குப் பின்னால யாருங்க வருவா?"

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அத்தனையும் நிஜம். மிளகாய் காயப்போட, துணி எடுக்க, எதற்காக நான் மாடிக்குக் கிளம்பினாலும் இவர் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு எழுந்து வருவார். என் இடுப்பில் படாமல், ஆனால் பட்டுவிடும் தூரத்தில் கையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கூடவே ஏறுவார். மூத்தவனைச் சுமந்தபோது வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். இன்றைக்கு நினைத்தாலும் அந்தத் திட்டு எனக்கு இனிக்கிறது.

மறுநாள் காலையில் பார்த்தால் இவர் மாட்டை அவிழ்த்து வேப்பமரத்தில் கட்டிவிட்டு, கொட்டகைக் கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மறுபடியும் மாயவனே வந்தார். பழக்கதோஷத்தில் லாபம், நட்டம் என்று ஆரம்பித்தவரை இவர் நிறுத்தினார்.

"எண்ணாத மாயவா. ஓவர்சியர் சொன்ன ஒசரத்துல வெய்யி. எதுல முடியுதோ முடியட்டும்."

லைசென்ஸ் வந்தது. வகுப்பு தொடங்கிய அன்று பங்குச்சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போனார். பெண்கள் சிரித்துக்கொண்டு தடதடவென்று மேலே ஓடினார்கள். எல்லோருக்கும் கடைசியாக, புதுக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் ஏறினேன். மூச்சு வாங்கவில்லை, புடவை தடுக்கவில்லை. பாதியில்தான் முதுகுப்பக்கம் என்னவோ வெறிச்சென்று இருந்தது. திரும்பிப் பார்த்தேன். முதல் படியில் வைத்த காலை இவர் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, வரலீங்களா?"

"அதான் கம்பி இருக்குதில்ல. புடிச்சிக்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

லைசென்ஸுக்காக அலைந்த அத்தனை நாளில் இதை மட்டும் நான் யோசிக்கவே இல்லை. நான் ஆசைப்பட்டது கிடைத்த நாள் அது. அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. மேலே பெண்கள் "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மிச்சப் படிகளைத் தனியாக ஏறினேன்.