எம்.எல்.ஏ.வின் நிழல் அளத்தில் தங்கிய விவரம்

அமிர்தசாமி சட்டசபைத் தேர்தலில் நின்ற 1971ஆம் வருஷம், மாசி மாதம் காலை ஏழு மணிக்கு, அவருடைய நிழல் மரக்காணம் உப்பளத்தில் உப்போடு சேர்ந்து உறைந்துவிட்டது. தப்பு அவருடையதுதான். உப்பு பூக்கிற நேரம் பாத்தி ஓரம் யாரும் நிற்க மாட்டார்கள். உள்ளே விழுந்தது எதுவானாலும் அதிலேயே இறுகிவிடும். ஓட்டுக் கேட்க வந்த அரிசி மண்டிக்காரருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? முந்தின கோடையில் கூலிக்காரி அம்சவள்ளி கைக்குழந்தையை வரப்பில் கிடத்திவிட்டு உப்பு வாரப் போனாள். அளத்தில் பேருக்குக்கூட ஒரு மரம் கிடையாது. பால் கொடுக்கத் திரும்பியபோது குழந்தை வெயிலில் செத்திருந்தது. ஓட்டுக் கேட்க வந்தவரிடம் அவள் நிழலுக்கு ஒரு கொட்டகை கேட்டாள். அமிர்தசாமி வலது கையை உயர்த்தி, கட்டித் தருவதாகச் சத்தியம் செய்துவிட்டு ஜீப்பில் ஏறினார். நிழல் ஏறவில்லை.

உப்பை வாரியதும் அது பாத்தியின் அடியில் கிடந்தது. நாலு பெண்கள் பலகையால் தள்ளி வரப்பில் ஏற்றினார்கள். காலை நேரத்து நிழல், பதினைந்தடி நீளம். பொழுது எந்தப் பக்கம் போனாலும் அசையவில்லை. தலைப்பக்கம் உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள், உயர்த்திய கையின் நிழலில் குழந்தைகளைக் கிடத்தினார்கள். அதன்பின் வெயிலில் ஒரு குழந்தையும் சாகவில்லை. ஜெயித்துச் சென்னை போன அமிர்தசாமி கொட்டகைக்கு மனு எழுதினார், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. பார்வையிட வந்த அதிகாரி வரப்பில் அரைமணி நேரம் இளைப்பாறிவிட்டு, இவ்விடத்தில் நிழல் வசதி ஏற்கெனவே உள்ளது என்று எழுதிக்கொண்டு போனார். மனு திரும்பி வந்தது.

சென்னையில் அவர் அறையிலிருந்து அறைக்குத்தான் போனார். நிழல் இல்லாததை ஐந்து வருஷம் ஒருவரும் கவனிக்கவில்லை. 1976இல் சட்டசபை கலைந்தது. மறுவருஷம் சீட் கேட்டபோது மாவட்டச் செயலாளர் அவரை வாசலில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "நெழலே இல்லியேப்பா. ஜனம் பேய்னு நெனைச்சிக்கும். போய் எடுத்துக்கிட்டு வா" என்றார். அமிர்தசாமிக்குக் கோபம் வரவில்லை. நிழல் போனதிலிருந்து அவருக்கு எதுவும் வருவதில்லை.

வெயில் இருக்கும்போது நிழலின் குதிகாலில் தன் குதிகாலைப் பொருத்தி நின்றால் போதும், ஒட்டிக்கொள்ளும். அவர் வரப்பில் நடந்து வருவதைப் பார்த்ததும் அம்சவள்ளி பலகையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அவளுடைய இரண்டாவது பெண் உயர்த்திய கையின் நிழலில்தான் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எடுத்துக்கிட்டுப் போங்கய்யா, உங்களுதுதான்" என்றாள். "பொண்ணு இப்பத்தான் கண்ண மூடிச்சி. முழிச்சிக்கட்டுங்க."

"சரிம்மா, இருக்கேன்."

அவர் வெயிலில் உட்கார்ந்தார். அந்தப் பெண் விழிக்கும் முன்பே கூலிக்காரி ஆராயி தன் மகனைக் கொண்டுவந்து கிடத்தினாள். அவன் விழிக்கும் முன்பு இன்னொருத்தி. பொழுது சாய்ந்ததும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள், வெயிலும் போயிருந்தது. மறுநாளும் அப்படியே. வேட்புமனு நாள் முடிந்து, சீட் கிளியனூர்க்காரர் ஒருவருக்குப் போயிற்று. அமிர்தசாமி தினமும் காலையில் வருவார், வரப்பில் வெயில் பக்கமாக உட்காருவார், கஞ்சி கொடுத்தால் குடிப்பார். 1978இல் அளத்துக் குடும்பங்களில் மேலும் பதினோரு குழந்தைகள் பிறந்தன.